சீக்கியப் பிள்ளைகளுக்கு அவர்கள் நெறி எப்படிப் போய்ச் சேருகிறது? (தி.நகர் முதல் பிராம்ப்டன் வரை)

தி_நகர்_சிங்

எல்லாருக்கும் வணக்கம், சத் ஸ்ரீ அகால். நான் சென்னையில் பிறந்து வளர்ந்த சீக்கியன். தாத்தா பிரிவினையின்போது ராவல்பிண்டிப் பக்கமிருந்து குடும்பத்தோடு கிளம்பி, தில்லியில் கொஞ்ச காலம் தள்ளிவிட்டு மெட்ராஸில் வந்து வண்டி உதிரிபாகக் கடை போட்டவர். ஜி.என். செட்டி சாலை குருத்வாராவும் வீட்டில் பாட்டி சொன்ன குருமார் கதைகளான சாகிகளும்தான் எனக்கு மதம். என் வகுப்பில் தலைப்பாகைக்காரன் நான் ஒருத்தன் மட்டும். கிண்டலும் உண்டு, "பன்னிரண்டு மணி ஆச்சா சிங்கு" வகையறா. ஆனால் பத்து வயதில் குர்முகி எழுத்து படித்தேன், குரு நானக்கின் காலைப் பிரார்த்தனையான ஜப்ஜி சாஹிப் முழுசாக வரும்.

இப்போது கனடாவில் பிராம்ப்டன். இங்கே நாலு பேரில் ஒருத்தர் சீக்கியர். பஸ் ஓட்டுநர், வங்கி மேனேஜர், நகரசபை உறுப்பினர் எல்லாரும் தலைப்பாகையோடு இருக்கிற ஊர். குருத்வாராவுக்குப் பஞ்சமே இல்லை. பையனுக்குப் பன்னிரண்டு வயது, சனிக்கிழமை பஞ்சாபி வகுப்புக்கும் போகிறான். ஜப்ஜியின் முதல் ஐந்து பௌரி (பாடல் பகுதி) மனப்பாடமாகச் சொல்வான், என்ன அர்த்தம் என்றால் தோளைக் குலுக்குவான். போன மாதம் முடி வெட்டிக்கொள்ளலாமா என்று கேட்டான். பள்ளியில் யாரும் சீண்டவில்லை, நான் விசாரித்துப் பார்த்துவிட்டேன். காலையில் ஜூடா (உச்சிக் கொண்டை) போட்டு பட்கா (சிறுவர் கட்டும் தலைத்துணி) கட்ட நேரமாகிறதாம், அவ்வளவுதான் காரணம்.

யாராவது சீண்டியிருந்தால் எனக்கு என்ன செய்வதென்று தெரிந்திருக்கும். ஒருத்தருமே இல்லாத ஊரில் எனக்கு ஒட்டிக்கொண்டது, ஊர் முழுக்க நம்மவர்களாக இருக்கும் இடத்தில் அவனுக்கு ஏன் ஒட்டவில்லை? இங்கே பஞ்சாபிக் குழுக்களில் கேட்டால் ஒன்று பிரசங்கம் கிடைக்கிறது, இல்லாவிட்டால் சண்டை. அதனால்தான் இங்கே வந்தேன். பஞ்சாபில் வேலை பார்த்தவர்கள், சீக்கியக் குடும்பத்தில் சம்பந்தம் செய்தவர்கள் இருந்தால் மனதில் பட்டதைச் சொல்லுங்கள்.

கேள்விக்குறி

சிங் சார், கோபித்துக்கொள்ள வேண்டாம். பையன் வேண்டாம் என்கிறான், விட்டுவிடுங்களேன். முடி வெட்டினால் திரும்ப வளரும். பெற்றோர் தங்கள் நம்பிக்கையைப் பிள்ளை தலையில், உங்கள் விஷயத்தில் நிஜமாகவே தலையில், ஏற்றி வைப்பது எந்த மதத்திலும் எனக்குப் பிடிக்காது. என் அப்பா கறுப்புச் சட்டைக்காரர், அவரும் என்னை எல்லாக் கூட்டத்துக்கும் இழுத்துக்கொண்டு போனார், அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

லூதியானா_வங்கி

நான் ஒரு வங்கியில் லூதியானா, மோகா, சங்ரூர் என்று வெகுநாள் இருந்தவன். சிங் சார் கேட்ட கேள்வி பஞ்சாபில் இருப்பவர்களுக்கே உள்ள கேள்வி. மாநிலத்தில் 2011 கணக்குப்படி நூற்றுக்கு 57 பேருக்கு மேல் சீக்கியர். ஆனால் கிராமத்தில் கடன் விண்ணப்பத்தோடு வரும் இளைஞர்களில் பாதிப் பேருக்கு மேல் முடி வெட்டியவர்களாகத்தான் என் கண்ணுக்குத் தெரிந்தார்கள். கையில் கடா (இரும்பு வளையம்) இருக்கும், பேரில் சிங் இருக்கும், டிராக்டரில் கண்டா (சீக்கிய வாள் சின்னம்) ஸ்டிக்கர் இருக்கும், தலையில் மட்டும் ஒட்ட வெட்டின கிராப். கல்யாணத்தன்று ஒருநாள் தலைப்பாகை, அதைக் கட்டிவிடவும் கூலிக்கு ஆள் வருவார்.

சுற்றிலும் எல்லாம் இருப்பதால் யாரும் எதையும் உட்கார்ந்து சொல்லித் தருவதில்லை, இதுதான் நான் பார்த்தது. காலையில் குருத்வாரா ஒலிபெருக்கியில் பாட்டு கேட்கிறது, வேதம் ஓதும் கிரந்தி இருக்கிறார், குருபுரப் (குருமார் நினைவு நாள்) வந்தால் லங்கர் (எல்லாருக்கும் பொது விருந்து) நடக்கிறது, அப்புறம் வீட்டில் எதற்கு மெனக்கெட வேண்டும் என்ற எண்ணம். தாத்தா படிப்பார், அப்பா வயலில் இருப்பார், பையன் வெளிநாடு போக ஐ.ஈ.எல்.டி.எஸ். ஆங்கிலத் தேர்வு வகுப்பில் இருப்பான். பஞ்சாபி கற்பிக்க வேண்டும் என்று 2008-ல் சட்டமே போட்டார்கள், ஒன்று முதல் பத்தாம் வகுப்பு வரை கட்டாயம். மீறினால் அபராதம், 2021-ல் அதை இரட்டிப்பாக்கினார்கள். சொந்த மாநிலத்தில் சொந்த மொழிக்கு அபராதம் வைத்துக் காவல் காக்கிற நிலை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்விக்குறிக்கு ஒன்று. சீக்கியத்தில் அமிர்தம் எடுப்பது, அதாவது தீட்சை பெறுவது, பிறந்த குழந்தைக்குச் செய்கிற சடங்கு இல்லை. 1945-ல் ஏற்றுக்கொண்ட ரஹித் மர்யாதா என்ற நடத்தை விதிகளிலேயே, மிகச் சின்ன வயதாக இருக்கக் கூடாது, ஓரளவு விவரம் தெரிந்திருக்க வேண்டும் என்று இருக்கிறது. அதாவது கல்சாவில் (தீட்சை பெற்றவர்களின் சமூகத்தில்) சேருவது அவரவர் முடிவு. 1699 வைசாகியில் ஆனந்த்பூரில் குரு கோபிந்த் சிங் அழைத்தபோது முதல் ஐந்து பேர் எழுந்ததும் அப்படித்தான், யாரையும் பிடித்து இழுக்கவில்லை.

கேள்விக்குறி

சரி, ஆனால் அதே மர்யாதாவில் குழந்தை பிறந்த நாளிலிருந்து முடியில் கை வைக்கக் கூடாது என்றும் இருக்கிறதே. அமிர்தத்துக்கு வயது வர வேண்டும், முடிக்கு வேண்டாமா? இது இடிக்கிறது.

லூதியானா_வங்கி

இடிக்கத்தான் செய்கிறது. அங்கே இதை வைத்தே வீட்டுக்கு வீடு தகராறு. 2009-ல் பஞ்சாப் ஹரியானா உயர்நீதிமன்றம் வரைக்கும் போனது: ஒரு மருத்துவக் கல்லூரியில் சீக்கிய ஒதுக்கீட்டில் இடம் கேட்ட பெண், புருவம் திருத்தியிருக்கிறாள் என்று மறுத்துவிட்டார்கள். வெட்டாத முடி சீக்கியத்தின் அடிப்படை என்று நீதிமன்றமும் கல்லூரி பக்கம் நின்றது. எனக்கு அந்தத் தீர்ப்பு உறுத்தல்தான். ஒரு பதினெட்டு வயதுப் பெண்ணுக்கு அன்றைக்கு மதத்தின்மேல் பிரியம் கூடியிருக்கும் என்று யாராவது நினைக்கிறீர்களா?

ஈப்போ_அக்கா

நான் மலேசியா, ஈப்போ. பிறந்தது தமிழ்க் குடும்பம், கட்டிக்கொண்டது பஞ்சாபி வீடு. இங்கே சீக்கியர்கள் பேராக்குக்கு வந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டில், போலீஸ் வேலைக்கு. அப்புறம் காவல்காரர், பால் வியாபாரம், வட்டிக்கடை, இப்போது வக்கீலும் டாக்டரும். சின்னச் சமூகம். தமிழர்களும் இவர்களும் பக்கத்துப் பக்கத்து வீடு, பள்ளியிலும் ஒன்றாகத்தான். கலப்புத் திருமணம் நிறைய.

சிங் தம்பி, உங்கள் கேள்விக்கு என் மாமியார் பாணியில் பதில் சொன்னால்: ஆள் குறைவாக இருந்தால் பயம் இருக்கும், பயம் இருந்தால் வேலை நடக்கும். இங்கே சீக்கிய நௌஜவான் சபா என்று இளைஞர் சங்கம் இருக்கிறது, வருடா வருடம் பள்ளி விடுமுறையில் சமேலன் என்ற முகாம் நடத்துவார்கள். கோலா குபு பாருவில் கல்சா லேண்ட் என்று இடமே வாங்கிப் போட்டிருக்கிறார்கள். நாடு முழுக்க இருந்து பிள்ளைகள் வந்து ஒன்றாகத் தங்கும். விடியற்காலையில் எழுந்து குளித்து நித்நேம் (தினசரிப் பிரார்த்தனை), அப்புறம் வகுப்பு, கீர்த்தனம், விளையாட்டு, பாத்திரம் கழுவுவதும் அதுகள்தான். சொல்லித் தருகிறவர்களும் போன வருடம் வரைக்கும் மாணவர்களாக இருந்த இருபது வயதுப் பிள்ளைகள். அந்த வயதுப் பிள்ளை சொன்னால் கேட்கும், நாம் சொன்னால் எங்கே கேட்கிறது.

இன்னொன்று, வேலை கொடுப்பார்கள். என் மகளுக்கு எட்டு வயதில் லங்கரில் தண்ணீர் ஊற்றுகிற வேலை, பத்து வயதில் சப்பாத்தி உருட்டுகிற வரிசை, அப்புறம் தப்லா. இப்போது யாரும் கூப்பிடாமலே போகிறாள். நான் வளர்ந்த கோயிலில் பிள்ளைகள் என்றால் ஓரமாக உட்கார், சத்தம் போடாதே, அவ்வளவுதான். தம்பி, உங்கள் பையன் குருத்வாராவுக்குப் போனால் அங்கே என்ன செய்கிறான்? அதைச் சொல்லுங்கள் முதலில்.

தி_நகர்_சிங்

அக்கா, உண்மையைச் சொன்னால் ஒன்றும் செய்வதில்லை. மத்தா டேக்கிறான் (தலை தாழ்த்தி வணங்குகிறான்), கடா பிரசாதம் (அல்வா) வாங்குகிறான், லங்கர் சாப்பிடுகிறான், போனை எடுத்துக்கொண்டு செருப்பு வைக்கிற இடத்தில் உட்கார்ந்துகொள்கிறான். பெரிய குருத்வாரா, ஞாயிற்றுக்கிழமை ஆயிரக்கணக்கில் கூட்டம். பரிமாறுவதற்கே பெரியவர்கள் போட்டி போடுவார்கள், பன்னிரண்டு வயதுப் பையனை யார் கவனிக்கப் போகிறார்கள். சென்னையில் நாங்கள் கொஞ்சம் குடும்பங்கள்தான், ஆள் பற்றாமல் என்னைப் பிடித்து ஹார்மோனியத்தின் முன்னால் உட்காரவைத்தார்கள். நீங்கள் கேட்ட பிறகுதான் அந்த வித்தியாசமே எனக்கு உறைக்கிறது.

தில்லித்தமிழன்

நான் மேற்கு தில்லி, திலக் நகர் பக்கம் வளர்ந்தவன். ஆள் குறைவாக இருந்தால் பயம், பயம் இருந்தால் வேலை நடக்கும் என்று அக்கா எழுதியதைப் படித்ததும் இதை எழுதத் தோன்றியது. பயம் வேறு மாதிரியும் வேலை செய்யும். 1984 நவம்பரில், இந்திரா காந்தி கொலைக்குப் பின் சீக்கியர்மேல் நடந்த வன்முறையில், தில்லியில் மட்டும் 2,733 பேர் கொல்லப்பட்டதாக அரசாங்கக் கணக்கே சொல்கிறது. அந்த நாட்களில் உயிர் பிழைக்க அப்பாவே பிள்ளையின் முடியை வெட்டிவிட்ட வீடுகள் எங்கள் பகுதியில் உண்டு. சிலர் அப்புறம் வளர்த்தார்கள், சிலர் வளர்க்கவே இல்லை. வளர்க்காத வீடுகளில் பேச்சும் நின்றுபோனது என்பதுதான் பெரிய இழப்பு. பிள்ளை "நாம் ஏன் தலைப்பாகை கட்டுவதில்லை" என்று கேட்டால் அந்த மூன்று நாளைப் பற்றிச் சொல்ல வேண்டும், சொல்ல முடியாமல் மதத்தைப் பற்றிய பேச்சையே விட்டுவிட்டார்கள்.

அதே வீடுகளின் பேரப்பிள்ளைகள் சிலர் 2020-21 விவசாயிகள் போராட்டத்தின்போது போராட்டக்காரர்கள் தங்கியிருந்த தில்லியின் சிங்கு எல்லைக்குப் போனார்கள். அங்கே வருகிறவர்களுக்கு இலவசமாகத் தலைப்பாகை கட்டிவிட்டார்கள், லங்கர் இரவு பகலாக நடந்தது. என் நண்பன் மகன் அங்கிருந்து தலைப்பாகையோடு திரும்பினான், இன்னும் கட்டுகிறான். அவனுக்கு ஜப்ஜி தெரியாது, அமிர்தம் எடுக்கிற எண்ணமும் இல்லை. இதை மதம் போய்ச் சேர்ந்ததாகக் கணக்கில் எடுப்பதா, வெறும் அடையாளம் என்று தள்ளுவதா? என் நண்பனுக்கே தெரியவில்லை. ஆனால் பையன் இப்போது கேள்வி கேட்கிறான் என்று மட்டும் சொன்னான்.

ஹேய்ஸ்_டீச்சர்

யாழ்ப்பாணத்தில் பிறந்து லண்டனுக்கு வந்தனான், சவுத்தால், ஹேய்ஸ் பக்கம் பள்ளிக்கூடங்களில் படிப்பிக்கிறேன். சின்னச் சமூகம்தான் நன்றாகச் செய்யும் என்கிற கருத்து இங்கே வளர்ந்துகொண்டு போவதால் ஒரு மறுப்பு. இங்கிலாந்து, வேல்ஸில் 2021 கணக்கின்படி ஐந்து லட்சத்துக்கு மேல் சீக்கியர்கள், அதிலே சவுத்தால் என்றால் கேட்க வேண்டாம். இங்கே கட்டமைப்பு இருக்கிறது. ஹேய்ஸில் 1993-ல் தொடங்கின குரு நானக் பள்ளிக்கூடம் 1999-ல் அரச நிதியும் பெற்றது. பிள்ளைகள் பஞ்சாபியும் கீர்த்தனமும் பள்ளிக்கூட நேரத்திலேயே படிக்கினம். கூட்டம் பெரிசா சின்னனா என்பது இல்லை விஷயம், யாராவது பொறுப்பெடுத்தார்களா என்பதுதான்.

வரலாற்றையும் சொல்லிக் கொடுக்க வேணும், அதுவும் பிள்ளையின் சொந்த நாட்டு வரலாற்றை. பர்மிங்ஹாமில் ஒரு பையனைத் தலைப்பாகை கட்டியபடியால் பள்ளிக்கூடத்தில் சேர்க்கவில்லை, தகப்பன் வழக்குப் போட்டு 1983-ல் பிரபுக்கள் சபை வரை போய் வென்றார். சீக்கியர் ஓர் இனக்குழு, இனப் பாகுபாட்டுச் சட்டத்தின் பாதுகாப்பு அவர்களுக்கும் உண்டு என்று தீர்ப்பு. சிங் அண்ணா, உங்கட கனடாவிலேயே மாண்ட்ரியலில் ஒரு பள்ளி மாணவனின் கிர்பான் (சீக்கியர் அணியும் சிறு வாள்) வழக்கு 2006-ல் உச்ச நீதிமன்றத்தில் வென்றது. அந்தப் பையனுக்கு வழக்குத் தொடங்கும்போது உங்கட மகனின் வயதுதான். எங்கட வகுப்பில் இதைச் சொன்னால் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவினம். சர்ஹிந்தில் சுவருக்குள் வைத்துக் கொல்லப்பட்ட, குரு கோபிந்த் சிங்கின் மகன்களான சாஹிப்ஜாதாக்கள் சோராவர் சிங், பதே சிங் கதையை வருடா வருடம் டிசம்பரில் கேட்டு வளருகிற பிள்ளைக்கு, அது தன்னுடைய பள்ளிக்கூட வாசல் வரை வந்த கதை என்று தெரிய வேணும்.

மொழி பற்றி. மூன்றாம் தலைமுறைக்குப் பஞ்சாபி பேச வராது. பேச வந்தாலும் குருபாணி (சீக்கிய வேதப் பாடல்கள்) விளங்காது, ஏனென்றால் அது இன்றைய பஞ்சாபி இல்லை. கபீர் இருக்கிறார், மராட்டிய நாம்தேவ் இருக்கிறார், பாபா ஃபரீத் இருக்கிறார், நடுக்காலத்து வட இந்திய மொழிகள் பலதும் கலந்தது. எங்கட பிள்ளைகள் சனிக்கிழமை தமிழ்ப் பள்ளியில் தேவாரம் பாடமாக்கிவிட்டுப் பொருள் கேட்டால் முழிக்குதுகள் அல்லவா, அதேதான். இப்ப குருத்வாராக்களில் திரையில் பாட்டும் ஆங்கிலப் பொருளும் வரியாக வருகுது. சிக்கி டு த மேக்ஸ் என்கிற மென்பொருள், இங்கிலாந்தில் ஒருத்தர் தொடங்கினது. முதியவர்கள் சிலருக்குப் பிடிக்கவில்லை, சங்கத்தில் (வழிபாட்டுக் கூட்டத்தில்) உட்கார்ந்து டிவி பார்க்கிற மாதிரி இருக்குதாம். ஆனால் என்னிடம் படித்த பிள்ளைகள் பலர் முதன்முதலாகப் பொருள் வாசித்தது அந்தத் திரையில்தான்.

தி_நகர்_சிங்

திரை எங்கள் குருத்வாராவிலும் இருக்கிறது டீச்சர். பையன் செருப்பு வைக்கிற இடத்தில் உட்கார்ந்திருப்பதால் அவனுக்குத் தெரிவதில்லை :) மாண்ட்ரியல் வழக்கு எனக்குத் தெரியும், அவனுக்கு நான் சொன்னதே இல்லை. இந்த வாரம் சொல்கிறேன்.

ஈப்போ_அக்கா_மகள்

அம்மா இழையைக் காட்டினார், அதனால் வந்தேன். தமிழ் எழுதுவதில் பிழை இருந்தால் மன்னிக்கவும், தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு வரை மட்டும் படித்தேன். எனக்குப் பத்தொன்பது.

பெரியவர்கள் எல்லாரும் எங்களை எப்படி உள்ளே இழுப்பது என்றே பேசுகிறீர்கள். நான் உள்ளே இருப்பதற்குக் காரணம் சமேலன், பிறகு யூடியூப். பேசிக்ஸ் ஆஃப் சிக்கி என்கிற சேனலை இங்கிலாந்தில் ஜக்ராஜ் சிங் என்பவர் ஆரம்பித்தார், 2017-ல் இறந்துவிட்டார், வீடியோக்கள் இன்னும் இருக்கின்றன. ஜப்ஜி சாஹிப்பை வரி வரியாக ஆங்கிலத்தில் விளக்குவார். குருத்வாராவில் கதா (விளக்கவுரை) செய்ய இந்தியாவிலிருந்து வருகிற கியானிகள் (அறிஞர்கள்) சொல்வது எனக்குப் பாதிகூடப் புரியாது. கேள்வி கேட்கவும் இடம் இருக்காது. அந்த வீடியோவில் என் கேள்வியை வேறு யாரோ கேட்டிருப்பார்கள்.

அப்புறம் இசை. நான் இப்போது தில்ரூபா என்ற தந்தி வாத்தியம் பழகுகிறேன். எங்கள் வேதமான குரு கிரந்தத்தில் 31 ராகத் தலைப்புகள் இருக்கின்றன, பழைய முறையில் தந்தி வாத்தியத்தோடு பாட வேண்டும் என்று எங்கள் வயதுப் பிள்ளைகள் பலருக்கு ஆசை. 2022-ல் சீக்கியரின் உயர்ந்த மத பீடமான அகால் தக்த்திலிருந்தும் தர்பார் சாஹிப்பில் (பொற்கோயிலில்) ஹார்மோனியத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கச் சொன்னார்கள். சினிமா மெட்டில் சபத் (வேதப் பாட்டு) பாடினால் இளைஞர்கள் வருவார்கள் என்று ராகிகள் (கீர்த்தனம் பாடுபவர்கள்) நினைக்கிறார்கள். எனக்கு அது எரிச்சல்தான். சினிமாப் பாட்டு வேண்டும் என்றால் போனிலேயே இருக்கிறதே.

ஒன்று மட்டும் யாரும் பேசவில்லை. நான் இவ்வளவு பழகினாலும் அம்ரித்சரில் தர்பார் சாஹிப்புக்கு உள்ளே உட்கார்ந்து கீர்த்தனம் செய்ய முடியாது, ஏனென்றால் நான் பெண். 2019-ல் பஞ்சாப் சட்டசபையிலேயே பெண்களை அனுமதிக்கக் கேட்டுத் தீர்மானம் போட்டார்கள். குரு நானக் பெண்ணைத் தாழ்த்தாதே என்று பாடியதை முதல் சமேலனிலேயே சொல்லித் தருகிறார்கள். பிறகு இதைப் பார்த்தால் என்ன நினைப்பது?

கேள்விக்குறி

இந்தப் பெண் கேட்டதுதான் சரியான கேள்வி. போய்ச் சேரவில்லை என்று பிள்ளைகளைக் குறை சொல்கிறோம், அனுப்புகிற பக்கம் என்ன அனுப்புகிறது என்றும் பார்க்க வேண்டாமா?

லூதியானா_வங்கி

பார்க்கத்தான் வேண்டும். பெண் விஷயம் ஒன்று, சாதி இன்னொன்று. நான் இருந்த கிராமங்களில் நிலம் வைத்திருக்கும் ஜாட்களுக்கு ஒரு குருத்வாரா, தலித்துகளுக்கு ஒரு குருத்வாரா, சுடுகாடும் தனித்தனி. லங்கரில் எல்லாரும் ஒரே வரிசை என்று புத்தகத்தில் படித்துவிட்டு வெளியே வந்து இதைப் பார்க்கிற மஸ்பி (தலித்) சீக்கியப் பையன் எங்கே போவான்? டேராவுக்குப் (தனிச் சாமியார் மடத்துக்கு) போகிறான், சர்ச்சுக்குப் போகிறான். பக்திக் கவி ரவிதாஸைப் பின்பற்றும் ரவிதாசியாக்களில் ஒரு பிரிவினர் 2010-ல் தங்களுக்கென்று தனி நூலையே அமைத்துக்கொண்டார்கள். இதில் வேடிக்கை, அதே சாதிக் கொடுமை வேண்டாம் என்று தமிழ்நாட்டில் சிலர் சீக்கியத்துக்குள் போயிருக்கிறார்கள். 2024 மக்களவைத் தேர்தலில் தலைப்பாகையோடு தமிழர்கள் சிலர் வேட்பாளர்களாக நின்றதைப் பார்த்திருப்பீர்கள். அவர்கள் குர்முகியை ஆனா ஆவன்னாவிலிருந்து படிக்கிறார்கள். பிறப்பிலேயே கிடைத்தவன் படிக்காததைத் தேடி வந்தவன் படிக்கிறான்.

சிங் சார், உங்கள் பையன் விஷயத்துக்கு வருகிறேன். காலையில் பட்கா கட்ட நேரமாகிறது என்றானே, அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். யார் கட்டிவிடுகிறார்கள்? அம்மா என்றால், பன்னிரண்டு வயதில் அம்மா தலை வாரிவிடுவது எந்தப் பையனுக்கும் கூச்சம்தான். தஸ்தார் (முழுத் தலைப்பாகை) கட்டக் கற்றுக்கொடுங்கள். பஞ்சாபில் இப்போது அதற்கென்றே பயிற்சி மையங்கள் இருக்கின்றன, போட்டிகள் நடக்கின்றன. பாட்டியாலா ஷாஹியா, மோர்னியா, துமாலாவா என்று கட்டும் பாணியைப் பையன்கள் சட்டை தேர்ந்தெடுக்கிற மாதிரி தேர்ந்தெடுக்கிறார்கள். கண்ணாடி முன்னால் தானே கட்டிப் பழகினவன் அவ்வளவு லேசில் விடுவதில்லை.

தி_நகர்_சிங்

அம்மாதான் கட்டிவிடுகிறாள். இது எனக்குத் தோன்றவே இல்லை. எனக்கு அப்பா ஜன்னல் கம்பியில் துணியின் ஒரு முனையைக் கட்டிப் பூணி (துணி மடிப்பு) பிடிக்கச் சொல்லித் தந்தது வேறு விஷயம், இங்கே நான் வேலைக்குக் கிளம்புகிற நேரத்தில் அவன் தூங்குகிறான். ஞாயிற்றுக்கிழமை உட்கார வேண்டியதுதான்.

கேள்விக்குறி, உங்களுக்கும் பதில் சொல்கிறேன். வெட்டவே கூடாது என்று நான் அவனிடம் சொல்லவில்லை. பதினாறு வயது வரைக்கும் பொறு, அதுவரை என்ன ஏது என்று தெரிந்துகொள், அப்புறம் நீ முடிவு செய் என்றேன். மனைவிக்கு இது பிடிக்கவில்லை, என் அம்மாவுக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. ஆனால் தெரிந்துகொள் என்று சொன்னவன், எதை வைத்து என்று யோசிக்கவில்லை.

ஹேய்ஸ்_டீச்சர்

அண்ணா, சஹஜ் பாட் (கிரந்தத்தை நிதானமாக முழுக்க வாசிப்பது) தொடங்குங்கோ, இருவருமாக. கிரந்தத்தில் 1,430 அங்கங்கள் (பக்கங்கள்). நாளுக்கு ஒன்று என்று வைத்தால் நாலு வருடத்துக்குக் கொஞ்சம் குறைவு, அவனுக்குப் பதினாறு வரும்போது முடியும். நீங்கள் குர்முகி வாசியுங்கோ, அவன் ஆங்கிலப் பொருள் வாசிக்கட்டும். விளங்காத இடத்தில் நிறுத்தலாம், தர்க்கம் பண்ணலாம். தினமும் முடியாவிட்டால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம், அதற்குக் காலக்கெடு ஒன்றும் இல்லை. இடையில் அவன் குர்முகியைத் தானாகவே எழுத்துக்கூட்டத் தொடங்குவான், என்னிடம் படித்த சில வீடுகளில் அப்படித்தான் நடந்தது.

கேள்விக்குறி

நாலு வருடம் தினமும் அப்பாவோடு உட்கார்ந்து படித்துவிட்டுப் பையன் வேண்டாம் என்றால்?

தி_நகர்_சிங்

வேண்டாம் என்றால் தெரிந்துகொண்டு வேண்டாம் என்பான். எனக்கு வலிக்கும், ஆனால் தோளைக் குலுக்குவதற்கு அது எவ்வளவோ மேல்.

டீச்சர், ஒரு சந்தேகம். எங்கள் வீடு சின்னது, சரூப் (கிரந்தத்தின் முழுப் பிரதி) வைக்கத் தனி அறை ஒதுக்க முடியாது. போனில் செயலியில் படிக்கலாமா?

லூதியானா_வங்கி

போன் வேண்டாம் சார், நடுவில் அறிவிப்பு வந்துகொண்டே இருக்கும், பையன் கண் அங்கேதான் போகும். முழு சரூப்புக்குத்தான் தனி அறை, சந்தோவா (மேல் விதானம்), காலையில் பிரகாஷ் (திறந்து வைப்பது), இரவில் சுகாசன் (மூடி வைப்பது) எல்லாம். படிப்பதற்கென்றே தனித்தனிப் பாகமாகப் பிரித்த செஞ்சிகள் கிடைக்கும், ரெண்டு பாகத் தொகுப்பு சுலபம். சுத்தமான துணியில் சுற்றி உயரமான அலமாரியில் வைத்தால் போதும், தலையை மூடிக்கொண்டு உட்கார்ந்து படியுங்கள். உங்கள் ஊர் குருத்வாரா அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள். கேட்கப் போகும்போது பையனையும் கூட்டிக்கொண்டு போய், லங்கர் பொறுப்பாளரிடம் இவனுக்கு ஏதாவது வேலை கொடுங்கள் என்று அக்கா சொன்னதையும் கேட்டுவிட்டு வாருங்கள்.